சாமினியின் கணவர்

எழுத்தாளர் சாமினி சனிக்கிழமை விழாவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று பதிப்பாளர் பௌஸி போனில் சொன்னபோது, சாமினி கன்னத்தில் சவர நுரையோடு கண்ணாடி முன் நின்றார்.

சாமினி என்றால் வேறு யாருமில்லை, வெள்ளவத்தை ஃப்ளாட்ஸ் மூன்றாம் மாடி பாலசுந்தரம். தபால் கந்தோரில் இருந்து பென்ஷன் எடுத்த தனிக்கட்டை. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் தாரிகா என்ற பெண் படிப்படியாக முன்னேறும் கதையை மூன்று நாவலாக எழுதிவிட்டார். ஆம்பிளைப் பெயரில் போட்டால் யார் வாங்குவார்கள்? பௌஸிக்கும் விஷயம் தெரியாது. போனை எடுப்பது சாமினியின் கணவர் என்றுதான் அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருந்தார்.

"அவவுக்குக் காய்ச்சல்," என்றார் பாலசுந்தரம்.

"அப்ப நான் இப்பவே பாக்க வாறன் சேர். தெம்பிலி இளநீர் ரெண்டு எடுத்துட்டு வாறன்."

"இல்லை இல்லை, அவ யாழ்ப்பாணம் போட்டா. கலியாணவீடு."

"காய்ச்சலோடயா?"

பாலசுந்தரம் கொஞ்சம் நுரையை விழுங்கிவிட்டார்.

"சேர், சாமினின்டு ஒரு ஆளே இல்லன்டு வாசகிமார் கதைக்கிறாங்க. சனிக்கிழம மேடம் மேடையில ஏறாட்டி நாலாவது நாவல் அச்சுக்குப் போகாது."

நாலாவது நாவலில்தான் தாரிகா மனேஜர் ஆகவேண்டும். அது நின்றுபோனால், விடிந்தால் எழும்புவதற்கு பாலசுந்தரத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

நேர் மேலே, நாலாம் மாடியில் ஜெகதீஸ்வரி மிஸ் இருக்கிறார். பேங்க் மனேஜர் என்று கேள்வி. தினமும் காலை ஏழு மணிக்குப் பால்கனியில் நின்று, போனிலேயே கந்தோரை ஆட்டிப்படைப்பார். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் சொல்வார். மறுமுனையில் மந்தமான ஆள் போல. "அந்த ஃபைல் என்ர மேசைக்கு வரட்டும். ஓம், என்ர மேசைக்கு வரட்டும்." கீழே பாலசுந்தரம் கொப்பியும் பேனையுமாக இருப்பார். தாரிகாவின் வீரவசனம் முழுக்க அங்கே களவெடுத்ததுதான்.

களவெடுத்த வீட்டுக்கே உதவி கேட்டுப் போனார். ஒட்டுக்கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

"நான் சாமினியா நடிக்கவேணும். அவ்வளவுதானே?"

"இன்னொண்டும் இருக்கு மிஸ்." தலையைச் சொறிந்தார். "நான் உங்கட புருஷன் எண்டு சொல்லிப்போட்டன்."

ஜெகதீஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல ஷேர்ட் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. "தாரிகா எப்ப மனேஜர் ஆவா?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். அது எழுதுகிற பாலசுந்தரத்துக்கே தெரியாது.

"பத்தாம் அத்தியாயத்தில," என்றார் ஜெகதீஸ்வரி அமைதியாக. "முதல்ல பழைய மனேஜரைத் தெமட்டகொடைக் கிளைக்கு மாத்தவேணும்."

கைதட்டல் அடங்கவில்லை. பூரித்துப்போன பௌஸி கணவரையும் மேடைக்கு இழுத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மாலையைப் போட்டுவிட்டார்.

பாலசுந்தரத்துக்கு மனம் உறுத்தியது. ஞாயிறு காலை, களவை ஒப்புக்கொள்வதென்ற முடிவோடு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். கதவைத் திறந்தது வீட்டு வேலைக்கு வரும் பாக்கியலெட்சுமி.

"அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க சார்."

"நான் ஒரு பிழை விட்டிட்டன் பிள்ளை. மிஸ் பேங்க் ஆக்களோட போனில கதைக்கிறதை..."

"பேங்கா? அம்மா ரிட்டையராகி ஆறு வருஷமாச்சுங்களே."

"அப்ப ஒவ்வொரு நாளும் காலமை போனில?"

"போனே இல்லீங்க சார். நீங்க எழுதுறது ரொம்ப மெதுவாம், அதான் எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்றாங்க."