ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?

சீராம்பூர்,
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் பரிதோஷ் அண்ணா அவர்களுக்கு, தங்கை கணவன் அனாதிநாத் பாதம் தொட்டு எழுதிக்கொள்வது.

தங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். சிலிகுரியில் இப்போதே கம்பளி இல்லாமல் படுக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். தங்கள் நெஞ்சைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். இங்கே அனைவரும் நலம். அந்த அனைவரில் உங்கள் தங்கையைச் சேர்க்கலாமா கூடாதா என்பதுதான் இப்போது பிரச்சினை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அடுப்படிக்குக் கேட்டுவிடும். அதனால் மொட்டை மாடியில், காயும் துணிகளுக்கு நடுவே மறைந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கங்கைப் பக்கமிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது. ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம், குளிர்காலம் தொடங்கிவிட்டது என்று அறிவிப்பது. உடனே எல்லா மின்விசிறிகளையும் நிறுத்தினேன், அந்துருண்டை நாற்றத்தோடு மஃப்ளரையும் குரங்குக் குல்லாவையும் வெளியே எடுத்து மாட்டிக்கொண்டேன், ஜன்னல்களைச் சாத்தினேன், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். அந்த நேரம் பார்த்து சுப்ரபா கையில் ஒரு காலிஃப்ளவரோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?"

"எதையாவது பண்ணேன். குளிருக்கு இதமா இருந்தா சரி."

"காலிஃப்ளவர் போட்டுக் குழம்பு வெக்கட்டுமா?"

"வாயு ஆச்சே."

"பட்டாணிக் கச்சோரி?"

"ராத்திரியில எண்ணெயா? நெஞ்சைக் கரிக்கும்."

"அப்ப மீன்?"

"மத்தியானமும் மீன்தானே தின்னோம்."

"சரி, கிச்சடி."

"கிச்சடி மழைக்குன்னா பேஷ். குளிருக்கு..." என்று இழுத்தேன்.

அண்ணா, என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆலோசனை கேட்டாள், சொன்னேன். அவள் கைக்குழந்தையைக் கொடுப்பது மாதிரி அந்தக் காலிஃப்ளவரை என் மடியில் கிடத்தினாள். "நீங்களே முடிவு பண்ணுங்க, நீங்களே சமைங்க" என்றாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். டிவியைப் போடவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

சரி, ஜனநாயக முறைப்படி வீட்டிலுள்ளவர்களைக் கேட்டுவிடுவோம் என்று போனேன். என் சித்தப்பா ஷிபுவுக்குக் காது மந்தம் என்பது தங்களுக்குத் தெரியும். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கத்தினேன். "வாத்து முட்டைக் குழம்பு!" என்று பதில் வந்தது. சாப்பாட்டுப் பேச்சென்றால் மட்டும் அவருக்கு எப்படித்தான் காது கேட்கிறதோ. இருட்டுகிற நேரத்தில் வாத்து முட்டைக்கு எங்கே போவேன்? மகள் ஜினுக் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, "நூடுல்ஸ் பண்ணுங்கப்பா, சட்டுன்னு ஆயிடும்" என்றாள். "புழுவையெல்லாம் நான் திங்க மாட்டேன்!" என்று சித்தப்பா அதையும் கேட்டுவிட்டார். அப்பனும் மகளும் தாத்தாவுமாகக் கத்திய கத்தலில் அவரவர் பசி இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

கடைசியில் கிச்சடியே என்று நானே தீர்ப்பளித்து அடுப்படிக்குள் போனேன். பட்டாணி உரிக்க சித்தப்பாவைக் கூட்டு சேர்த்துக்கொண்டேன். அது தவறு. நான் உரிக்க உரிக்க அவர் தின்றார். பிறகு அரிசி, பருப்பு, காலிஃப்ளவர், தப்பிப் பிழைத்த பட்டாணி எல்லாவற்றையும் குக்கரில் போட்டு விசிலுக்குக் காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். ஜினுக் தண்ணீர் குடிக்க வந்தவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா, விசில் உங்க கையில இருக்கு" என்றாள். அவசரமாக மாட்டினேன். அதற்குள் உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போயிருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் கறுப்பாக ஒரு வாசனை கிளம்பி, பக்கத்து வீட்டு மிட்டுவின் அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "சுப்ரபா அக்கா, உங்க வீட்ல டயர் ஏதாவது கொளுத்தறாங்களா?" என்று கேட்க, இத்தனை நேரம் வாயே திறக்காத உங்கள் தங்கை, "இல்லம்மா, அவர் சமைக்கறாரு!" என்று தேனாகப் பதில் சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான்.

இனி சரணாகதிதான் வழி என்று அவளிடமே போனேன். "உனக்கு என்ன பிடிக்கும்னு சொல்லு, அதையே பண்ணிடலாம்" என்றேன். நல்ல வார்த்தைதானே? அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் கேக்கறீங்க. நீங்களே சொல்லுங்க பாக்கலாம், எனக்கு என்ன பிடிக்கும்?"

"மீன் தலை போட்ட பருப்பு" என்றேன், பட்டென்று.

"அது உங்களுக்கு."

"பேரீச்ச வெல்லத்துல பண்ணின சந்தேஷ்?"

"அது சித்தப்பாவுக்கு."

"மீன் வால்! தினமும் அதைத்தானே தின்னறே?"

"அது மிஞ்சறது. அதனால தின்னறேன்."

அண்ணா, நான் அடுப்படிக்குத் திரும்பிப் போய்ப் பொரி டப்பாவை எடுத்தேன். அன்று ராத்திரி நாங்கள் எல்லோரும் பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தின்றோம். நேற்று ராத்திரியும் பொரிதான். பகலில் அவள் பழையபடி சமைக்கிறாள், குறை சொல்லக் கூடாது. சாயங்காலமானால் மட்டும், "என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க, அடுப்பு எரியும்" என்கிறாள். நேற்று கடைத்தெருவில் மூன்று தடவை சுற்றினேன். எதைப் பார்த்தாலும் இது யாருக்குப் பிடிக்கும் என்று உடனே தெரிகிறது, அவளுக்குப் பிடிக்குமா என்று மட்டும் தெரியவில்லை. என் பழைய மேலதிகாரி டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வார் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அந்த ஆள் ஒருநாள்கூட எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பும்போது என் மேலேயே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

தாங்கள் அவளோடு ஒரே வீட்டில் உண்டு வளர்ந்தவர். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவளைப் பார்த்தவர். அவளுக்கு என்னதான் பிடிக்கும் என்பதைத் தயவுசெய்து உடனே எழுதுங்கள். விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும். உறை மேல் 'வயிற்று மருந்துக் குறிப்பு' என்று எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நம் இரு வீட்டிலும் வயிறுதானே எப்போதும் பேச்சு.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல படிப்பும் நல்ல ஜீரணமும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள். இந்தக் குளிர் தங்கள் வீட்டில் யாரையும் தொடாமல் போகட்டும்.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
அனாதிநாத் ஹாஜ்ரா

பி.கு.: பதில் எழுத வேண்டாம். துணி எடுக்க மாடிக்கு வந்த சுப்ரபா கடிதத்தைப் பிடுங்கி, நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். "போயும் போயும் அண்ணனையா கேக்கறீங்க? அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்ல என் பங்கையும் சேத்துத் தின்னவரே அவர்தானே!" என்று அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். எல்லாம் சிரிப்புத் தண்ணீர்தானா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. "என்னதான் பிடிக்கும், நீயே சொல்லிடேன்" என்று கெஞ்சினேன். "நான் சமைக்காத எதுவும் பிடிக்கும். வேற யாராவது சுடச்சுடப் பண்ணிக் கையில குடுக்கணும்" என்றாள். இப்போது கீழே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று கூப்பிடுகிறாள். ஸ்டேஷன் வாசலில் முட்டை ரோல் தின்னப் போகிறோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவளுக்கு இரண்டு வேண்டுமாம். உள்ளே என்ன வைக்கட்டும் என்று கடைக்காரன் கேட்டால் நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.