படம் வரையக் கொண்டுபோன மண்டையோடு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தென்காசியில எங்க வீட்டு அலமாரியில இருக்குற மண்டையோட்டை எடுத்து, குத்தாலத்துல ஒரு பங்களாவுக்குக் கொண்டுபோய், அதைப் பார்த்துப் படம் வரைஞ்சுட்டு, சாயங்காலம் திரும்ப அலமாரியில வச்சிரணும்.

இதுல தப்பாப் போக என்ன இருக்கு?

மண்டையோடு எங்க வீட்டுக்கு வந்த கதையை முதல்ல சொல்லிருதேன். என் வீட்டுக்காரர் டாக்டர். மெட்ராஸ்ல படிச்ச காலத்துல, எலும்புப் பாடத்துக்காக வாங்கினது. பெரியாஸ்பத்திரியில கேக்க நாதியில்லாமப் போன யாரோ ஒருத்தரோடது. படிப்பு முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்ததால அதுக்கு 'கூட்டாளி'ன்னு பேரு வச்சிருந்தாரு. பரீட்சைக்கு முந்தி அதுகிட்ட வாய் ஓயாமப் பேசுவாராம். என்கிட்ட அவ்வளவு பேசினதா எனக்கு ஞாபகம் இல்ல.

அடுத்தது படம். சீசனுக்கு குத்தாலம் வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி எனக்கு எண்ணெய்ச்சாயத்துல வரையச் சொல்லிக் குடுத்தாங்க. முன்ஷி வச்சுத் தமிழ் படிச்சவங்க, அதனால பேச்செல்லாம் பாடப்புஸ்தகம்தான்.

"எங்கள் தேசத்திலே முற்காலத்தில் ஸ்திரீகள் மனித சரீரத்தைப் பார்த்து வரைய அனுமதி கிடையாது. ஆகையால் வீட்டு மேசையின் மேல் இருப்பவற்றை வரைந்தார்கள்."

அட, அங்கயும் பொம்பளைக்கு அடுக்களைச் சாமானைத்தான் விட்டு வச்சிருக்காங்களான்னு எனக்கு ஒரு ஆறுதல்.

"பூவுக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு மண்டை ஓட்டை வைப்பார்கள். அழகு யாவும் அழியும் என்பது அதன் பொருள்."

அதே மாதிரிதான் என் படமும். வாடின ரோஜா, தோல் பாதி உரிச்ச புளியங்குடி எலுமிச்சம்பழம், அணைஞ்சுபோன மெழுகுவத்தி எல்லாம் போட்டாச்சு. வாடின பூவை நாம குப்பையில போடுவோம், அவங்க சட்டம் போட்டு மாட்டுவாங்களாம். நடுவுல மண்டையோட்டுக்கு மட்டும் இடம் காலியா இருந்துச்சு. மறுநாள் துரைசாணி மெட்ராஸ் கிளம்புதாங்க. அங்க பொம்பளைங்க வரைஞ்ச படமெல்லாம் காட்சிக்கு வைக்கப் போறாங்க, என் படத்தையும் கையோட கொண்டுபோவாங்க. இன்னைக்கு முடிக்கலைன்னா அவ்வளவுதான். என் வாழ்க்கையில என் பேரு ஒரு சுவத்துல தொங்கப்போறது அது ஒண்ணுதான்.

வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரு. "போனபடியே திரும்பி வரணும். பல்லு ஒண்ணு கொறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும்"னாரு.

பழைய துணியில சுத்தினா மரியாதையா இருக்காதேன்னு, வெள்ளைவெளேர்னு ஒரு புதுத்துண்டுல சுத்தி, ஓலைப்பெட்டியில வச்சு மூடி, குதிரைவண்டியில ஏறி உக்காந்தேன்.

அன்னைக்கு ஆடி அமாவாசைங்கிறதை நான் சுத்தமா மறந்துட்டேன்.

எதுத்தாப்புல ஆலங்குளத்துக்காரங்க, புருசன் பொஞ்சாதி. அவங்க கையில எள்ளு, தர்ப்பை, தேங்காய்ன்னு பை நிறைய சாமான். அதைப் பார்த்தாவது எனக்கு உறைச்சிருக்கணும். நான் மண்டையோட்டுக் கன்னத்துக்கு எந்த மஞ்சளை எந்த வெள்ளையோட கலக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

மேலகரம் தாண்டி ஒரு பள்ளம். வண்டி எகிறிச்சு. பெட்டி மூடி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். கூட்டாளி நெத்தி பளபளன்னு வெளிய தெரிஞ்சுது.

எதுத்தாப்புல ரெண்டு பேரும் காலை உள்ள இழுத்துக்கிட்டாங்க.

"யாரும்மா?"ன்னு அந்த அக்கா மெல்லக் கேட்டா.

படம் வரையக் கொண்டுபோறேன்னு உண்மையைச் சொல்லலாம். அமாவாசை அன்னைக்கு ஒரு பொம்பள தனியா மண்டையோட்டைத் தூக்கிக்கிட்டு அதைச் சொன்னா, மந்திரவாதின்னு அங்கனயே இறக்கி விட்டிருவாங்க. அதனால பொய் சொல்லாமத் தப்பிக்கப் பார்த்தேன்.

"வீட்டுக்காரருக்கு ரொம்ப வேண்டியவரு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில போயிட்டாரு."

"ஐயோ பாவம். மத்ததெல்லாம்?"

"எங்களுக்கு இது மட்டுந்தான் கெடச்சுது."

இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? அக்கா முந்தானையை வாயில வச்சு அழ ஆரம்பிச்சுட்டா. எனக்கும் பயத்துல கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அதோட என் கேஸ் முடிஞ்சுது.

"புள்ளகுட்டி?"ன்னாரு அவ புருசன்.

"யாரும் இல்ல அண்ணாச்சி."

"ஏன் தங்கச்சி, உன் வீட்டுக்காரரு வரலியா?"

"ஆஸ்பத்திரியில வேலை."

"அதுக்காக ஒத்தப் பொம்பளகிட்டயா குடுத்து விடுதது? நல்ல சிநேகிதம்"னு என் புருசனைத் திட்டிட்டு, "நீ கவலைப்படாத. நான் எங்கய்யாவுக்குத்தான் செய்யப் போறேன். கூடவே இவருக்கும் செஞ்சிருதேன்"ன்னாரு.

வண்டி நின்னதும் குதிச்சு ஓடிரலாம்னு பார்த்தேன். அக்கா என் கையைப் பிடிச்சவ பிடிச்சவதான். "தலை சுத்துதா? என் தோளைப் பிடிச்சுக்கோ"ன்னு படித்துறை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டா.

ஆத்தங்கரையில நல்ல கூட்டம். ஐயர் அவசரத்துல இருந்தாரு. "பேர் என்ன?"ன்னாரு.

எனக்கு வாயில வந்தது ஒண்ணுதான். "கூட்டாளி."

ஐயர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாரு. பின்னால வரிசை நிக்குது. மந்திரத்தை ஆரம்பிச்சுட்டாரு, நடுவுல ரெண்டு மூணு தரம் 'கூட்டாளி'ன்னு காதுல விழுந்துச்சு. அண்ணாச்சி கண்ணை மூடி, பெத்த தகப்பனுக்கு இறைச்ச மாதிரியே எள்ளும் தண்ணியும் இறைச்சாரு.

சரி, இதோட விட்டுருவாங்க, பெட்டியைத் தூக்கிட்டு நடையைக் கட்டிரலாம்னு கையை நீட்டினேன்.

"கரைச்சிருங்கோ"ன்னாரு ஐயர்.

"வேண்டாம் அண்ணாச்சி! அது என்கிட்டயே இருக்கட்டும்"னு கத்திட்டேன்.

அக்கா என்னை இடுப்போட கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "போறவுகள இழுத்து வைக்கக் கூடாதும்மா. விட்டிரு. நிம்மதியாப் போகட்டும்."

சிற்றாத்துல ஆடித் தண்ணி நுரைச்சுக்கிட்டு ஓடுது. அண்ணாச்சி ரெண்டு கையாலயும் கூட்டாளியை அலுங்காம இறக்கி விட்டாரு. ஒரு தரம் எங்க பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் காணோம்.

அண்ணாச்சி முங்கி எழுந்து வந்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு, தண்ணியில முங்கினதாலன்னு நான் நினைக்கல. முகம் தெரியாத ஒருத்தருக்காக இந்த மனுசன் அழுதிருக்காரேன்னு எனக்கும் நிஜமாவே அழுகை வந்துருச்சு. படத்தோட நினைப்பே கொஞ்ச நேரம் இல்ல.

கிளம்புறப்போ அக்கா பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் பெட்டியில வச்சா. "கோயில்ல ஒடச்சிட்டுப் போ. மனசு ஆறும்."

பங்களாவுல துரைசாணி குழைச்ச சாயத்தோட காத்துக்கிட்டு இருந்தாங்க. "மண்டை ஓடு எங்கே இருக்கின்றது?"

"கரைச்சாச்சு"ன்னு நடந்ததைச் சொன்னேன். அவங்களுக்கு முதல்ல விளங்கல. விளங்கினதும் நாற்காலியில உக்காந்து, மூக்கு செவக்கச் செவக்கச் சிரிச்சாங்க. அப்புறம் என் ஓலைப்பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. தேங்காயை எடுத்து, குடுமியை ஒதுக்கி, அதோட கண்ணு முன்னால தெரியுற மாதிரி ரோஜாவுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவுல வச்சாங்க.

"இதற்கும் கண்கள் இருக்கின்றனவே. வரையுங்கள்."

வரைஞ்சேன். என் பேரையும் மூலையில எழுதினேன். வர்ற வழியில அக்கா சொன்னபடியே கோயில்ல தேங்காயை ஒடச்சு, ரெண்டு மூடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்காரர் வாசல்லயே நின்னாரு. "கூட்டாளி எங்க?"

ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாருன்னு பார்த்தா, கிணத்தடிக்குப் போய்த் தலையில தண்ணி ஊத்திக்கிட்டு வந்தாரு. "என்ன இருந்தாலும் ஒரே ரூம்ல இருந்தவன்"னாரு.

அமாவாசை, ராத்திரி பலகாரம். இலையில நாலு இட்லி வச்சேன். ரசிச்சுத்தான் சாப்பிட்டாரு. திடீர்னு ஞாபகம் வந்து, "அப்ப படத்துல அவன் இருக்க வேண்டிய எடத்துல என்னத்த வரைஞ்ச?"ன்னு கேட்டாரு.

நான் அவர் இலையில இருந்த சட்னியைக் காட்டினேன்.