கார் ஷெட்டுக்கு நாலு அடி

ஊரெல்லாம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வாரம், என் காருக்குக் கொல்லையில் இடம் ஒதுக்கியே தீருவது என்று நான் சபதம் எடுத்தேன்.

கார் என்றால் பழைய அம்பாசடர். ஓடுவது கம்மி, தள்ளுவது ஜாஸ்தி. ஆனாலும் சின்னசேலத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் ஒரே கார். தெருவில் வெயிலில் நின்று நின்று அதன் பெயின்டும் என் மானமும் சேர்ந்து உரிந்துகொண்டிருந்தன.

குறுக்கே நின்றது பஞ்சாயத்து விதி. கார் ஷெட் கட்டினால் இரண்டு பக்க மதிலிலிருந்தும் நாலு நாலு அடி விட வேண்டுமாம். எங்கள் கொல்லையின் அகலமே பன்னிரண்டு அடி. விதிப்படி கட்டினால் காரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால்தான் உள்ளே போகும்.

மறியல்தான் எனக்கு ஞானம் கொடுத்தது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"செல்வி, இதான் நேரம். வழியெல்லாம் மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க. பஸ் கெடையாது. அளந்து பாக்க கள்ளக்குறிச்சியிலேருந்து ஓவர்சியர் பறந்தா வரப்போறாரு? ரோடு தெறக்கறதுக்குள்ள ஷெட்டு எழும்பிடும்."

"மாடு கட்ட எடம் வேணும்னு மூணு வருசமா கேட்டுக்கினு கீறேன். அப்பல்லாம் எடமில்லன்னீங்க."

"மாடு நாறும்."

"உங்க காரு மட்டும் மணக்குதா?"

"காரு கௌரவம்டி."

"ஆபீசர் வந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"வந்தா அவரு சொல்றபடி கேக்கறேன். போதுமா?"

"சரிங்க. கட்டுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் 'சரிங்க' சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கந்தசாமி மேஸ்திரியை விரட்டி விரட்டித் தூண் எழுப்பினேன். கடைசி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஏற்றும்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"நாலு அடி வுட்டீங்களா சார்?"

அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மார்ட்டின் வாத்தியாரின் மொட்டை மாடியில், லுங்கியோடு, கையில் காபி டம்ளரோடு ஓவர்சியர் சுப்புராயன்!

"நீங்க... எப்படி சார் வந்தீங்க?"

"வந்தது இருக்கட்டும், போவத்தான் முடியல. மறியல் ஆரம்பிச்ச அன்னிக்கு ஒரு வேலையா இங்க வந்தேன். பஸ் நின்னுபோச்சு. வாத்தியார் எங்கூடப் படிச்சவரு, இங்கியே தங்கிட்டேன். பொழுது போவாம நீங்க கட்டறதத்தான் பாத்துக்கினு இருந்தேன். நல்லாத்தான் கட்டிக்கீறீங்க. இடிச்சிடுங்க."

அப்போது முந்தானையைச் செருகிக்கொண்டு செல்வி வந்தாள்.

"இன்னாங்க சார், மாட்டுக் கொட்டாயப் போயி இடிக்கச் சொல்றீங்க?"

"மாட்டுக் கொட்டாயா? அதுக்கு இந்த விதி கெடையாதும்மா. மாடு எங்க?"

கொல்லைக் கதவு திறந்தது. என் மச்சினன் சின்னதுரை பசுவும் கன்றுமாக உள்ளே நுழைந்தான். நைனார்பாளையத்து மாமியார் வீட்டு மாடு. வரப்பு வழியாகவே ஓட்டி வந்திருக்கிறான். வரப்பில் யார் மறியல் செய்வது? பசு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் போய் ஷெட்டின் நடுவில் படுத்துக்கொண்டது.

சுப்புராயன் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார்.

"மாடு இருக்கறவரைக்கும் கொட்டாய் இருக்கலாம் சார். காரு உள்ள வந்துச்சுன்னா இடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டுக் காலி டம்ளரைச் செல்வியிடம் நீட்டினார். "காபி பிரமாதம்மா."

டம்ளரைப் பார்த்தேன். 'செந்தமிழ்ச்செல்வி' என்று பெயர் வெட்டிய, எங்கள் கல்யாணச் சீர் டம்ளர்.

"ஏண்டி, அந்தாளு மாடியில கீறது உனக்கு மொதல்லியே தெரியுமா?"

"வாத்தியார் சம்சாரம் மேரியக்கா அவங்கம்மா வூட்டுல மாட்டிக்கினாங்க. வாத்தியாருக்கும் அவருக்கும் மூணு வேளையும் காபி நான்தானே குடுக்கறேன்."

"அப்புறம் ஏண்டி என்னைக் கட்டச் சொன்ன?"

"வேற எப்படிச் சொன்னா நீங்க கொட்டாய் கட்டுவீங்க?"

மறியல் முடிந்தது. பஸ் ஓடுகிறது. என் கார் இன்னமும் தெருவில்தான் நிற்கிறது. தினமும் விடிந்ததும் முதல் ஆளாகக் கொட்டகைக்குப் போகிறவன் நான்தான். சாணி அள்ளுவதற்கு மட்டும் எந்த ஆபீசிலும் அனுமதி வாங்க வேண்டியதில்லையாம்.