போன்ல சொன்ன ‘சரி’யை வாபஸ் வாங்கற விஷயமா

மரியாதைக்குரிய மச்சான் ஏபெர் அவர்களுக்கு,

மொந்தேவிதியோவிலிருந்து உங்கள் தங்கை கணவன் வில்மார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் லுஹானும் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். என் பொறுப்பில் உள்ள நாற்பத்தோரு லிஃப்டுகளும் பெரும்பாலும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே தாங்களும், ஓல்கா அக்காவும், தங்கள் மாடுகளும் அவ்வாறே என நம்புகிறேன்.

விஷயத்துக்கு வர்றேன் மச்சான். மூணு வாரம் முன்னாடி நீங்க போன் பண்ணீங்க. கடற்கரை ரோட்டுல கஞ்சா இழுக்கற பசங்களோட லுஹான் உக்காந்திருந்ததை யாரோ பாத்துட்டு வந்து சொன்னாங்கன்னீங்க. பதினஞ்சு வயசுப் பொண்ணு, அம்மாவும் போயாச்சு, நீ அவளைப் பெத்த அப்பனும் இல்ல, உன்னால எப்படிப்பா கட்டி மேய்க்க முடியும், ஜூலை லீவுக்கு நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன், இனிமே எங்க ஊர் தக்குவரெம்போலயே படிக்கட்டும்னீங்க. நான் ‘சரி’ன்னேன்.

அந்த ‘சரி’யைத்தான் கொஞ்சம் விளக்கணும். உங்க தங்கச்சி மரிசெல் போய் எட்டு மாசமாச்சு. இந்த எட்டு மாசமா யாரு என்ன கேட்டாலும் என் வாயில ‘சரி’தான் வருது. டாக்டர் இதை சோகம்ங்கறார். எனக்கு சோகமாக்கூடத் தெரியல. கரண்ட் போன லிஃப்டுக்குள்ள நிக்கறவனுக்கு எத்தனாவது மாடின்னு தெரியாது பாருங்க, அந்த மாதிரி. மூணாவது மாடி அம்மா ஒரு பூனை வேணுமான்னாங்க, சரி. ரெண்டு சபைக்காரங்க கதவைத் தட்டினாங்க, ரெண்டு பேருக்கும் சரி, இப்ப ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு இடத்துல எனக்காகக் காத்திருக்காங்க. ஜென்மப் பகையான ரெண்டு கால்பந்து கிளப்லயும் நான் மெம்பர். வெளிய தெரிஞ்சா ரெண்டு பக்கமும் சேந்து அடிப்பாங்க, நாப்பது வருஷத்துல அவங்க ஒத்துமையா செஞ்ச முதல் காரியம் அதுவாத்தான் இருக்கும். வீட்ல வேண்டாம்னு சொல்ற வேலையெல்லாம் உங்க தங்கச்சியோட டிபார்ட்மென்ட், அது உங்களுக்கே தெரியும்.

நீங்க போனை வச்சதும் நானும் சும்மா இருக்கலை. டெக்னீஷியன் இல்லையா, பெரிய பேப்பர்ல ஒரு படம் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். நண்பன் நீட்டினால் இந்தக் கட்டத்துக்குப் போ, அவன் கிண்டல் செய்தால் அந்தக் கட்டத்துக்குப் போன்னு மொத்தம் பதினோரு கட்டம், அம்புக்குறியோட. காலைல பாத்தா லுஹான் பேனாவால பன்னெண்டாவதா ஒரு கட்டம் போட்டிருந்தா. ‘வில்மாரைக் கேட்டாங்க, சரின்னுட்டான். மறுபடி முதல்லேர்ந்து.’

அப்புறம் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. பசங்களோட பெத்தவங்களும் வரணும், போதை விஷயத்துல கூட்டாளிங்க வற்புறுத்தினா எப்படி மறுக்கறதுன்னு பயிற்சியாம். மிர்த்தா டீச்சர் எங்களை ஜோடி ஜோடியா நிக்கவச்சு, ஒருத்தர் குடுக்கற கூட்டாளி, இன்னொருத்தர் மறுக்கற பையன்னு நடிக்கச் சொன்னாங்க. எனக்கு வாய்ச்ச கூட்டாளி கறிக்கடை ஒலிவேரா. அவர் ஒரு சாக்பீஸை நீட்டி, ஒண்ணே ஒண்ணு இழுத்துப் பாருடா, ஒண்ணும் ஆகாதுன்னார். சரின்னேன். டீச்சர், இல்ல வில்மார், நீங்க மறுக்கணும்னு பொறுமையா சொன்னாங்க. அதுக்கும் சரின்னேன். ஒலிவேரா மறுபடி நீட்டினார், மறுபடி சரின்னேன். மூணாவது தடவை அந்த மனுஷனுக்கே பயம் வந்துடுச்சு. என் தோளைப் பிடிச்சு, “ஏம்ப்பா, வேண்டாம்னுதான் சொல்லித் தொலையேன்”னு கெஞ்சினார். அதுக்குள்ள சாக்பீஸ் என் வாய்க்குள்ள போயிருந்துச்சு. முப்பது பேர் சிரிச்சாங்க. லுஹான் டெஸ்க்ல தலையைக் கவுத்துட்டா.

வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ஸுல திடீர்னு, “மாமா போன்ல கேட்டப்பவும் இப்படித்தானே சரின்ன?”ன்னா. அவளுக்குக் கேட்டிருக்கு மச்சான். நான் பஸ் டிக்கெட்டை மடிச்சு மடிச்சுப் பிரிச்சேன். ஆமாங்கறதும் ஒரு சரிதானே.

அந்த சனிக்கிழமை சாயங்காலம் அவ கிளம்பினதும் நான் எதிர்வீட்டுக்காரர்கிட்ட ஒரு தூண்டில் கடன் வாங்கிட்டுப் பின்னாலயே போனேன். கடற்கரை ரோட்டுல மீன் பிடிக்கறவனை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்னு கணக்கு. பிறந்ததுலேர்ந்து நான் தூண்டிலைத் தொட்டதில்ல. ஒரு வீசு வீசினேன். அது தண்ணிப் பக்கம் போகாம பின்னால போய், பதினஞ்சடி தள்ளி உக்காந்திருந்த எமிலியானோ தலையில இருந்த தொப்பியைத் தூக்கிட்டு வந்துடுச்சு. இந்த எமிலியானோதான் அந்தக் கூட்டத்துக்கே பெரியவன், பதினேழு வயசு, நீங்க சொன்ன சரக்கு அவன்கிட்டேர்ந்துதான் வருது. தொப்பியை வாங்க வந்தவன் சிரிச்சுட்டு, “வாங்க வில்மார் அண்ணே, மீன் கிடைக்காது, மாத்தேயாவது குடிங்க”ன்னான். நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்.

வட்டத்துல உக்காந்தேன். லுஹான் இடது கக்கத்துல சுடுதண்ணி ஃப்ளாஸ்க்கை இடுக்கிட்டு, வலது கையில மாத்தே இலை போட்ட குடுக்கையை வச்சுக்கிட்டு, ஊத்தி ஊத்தி ஒவ்வொருத்தருக்கா குடுத்துட்டிருந்தா. என் முகத்தையே பாக்கல. என் முறை வந்துச்சு, குடிச்சேன், திருப்பிக் குடுத்தேன். நம்ம ஊர்ல வட்டத்துல ஒரு கை நீண்டா அடுத்த கை தானா நீளும், யோசனையெல்லாம் கிடையாது. எமிலியானோ இந்தப் பக்கத்துலேர்ந்து நீட்டினான், நானும் வாங்கிட்டேன். வாங்கின பிறகுதான் பாத்தேன், அது மாத்தே இல்ல, புகையுது.

ஏழு பசங்களும் என்னையே பாத்தாங்க. லுஹானும் அப்பத்தான் பாத்தா. கேபிள் தாங்குமா அறுந்துடுமான்னு நாங்க பாப்போமே, அந்தப் பார்வை. தொண்டை வரைக்கும் ‘சரி’ வந்து நின்னுச்சு மச்சான். சத்தியமா சொல்றேன். பதினோரு கட்டமும் மறந்துபோச்சு.

“வேண்டாம்ப்பா”ன்னேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி இருந்துச்சு.

எமிலியானோ தோளைக் குலுக்கி, “சரிண்ணே”ன்னு அதை வாங்கி அடுத்த பையன்கிட்ட குடுத்துட்டான். அவ்வளவுதான். வாக்குவாதம் இல்ல, கிண்டல் இல்ல, வானம் இடிஞ்சு விழல. ஒலிவேரா இவனைவிட எவ்வளவோ கஷ்டமான ஆளு.

அது சுத்தி லுஹான்கிட்ட வந்துச்சு. அவ ரெண்டு முழங்கையையும் தூக்கிக் காட்டினா, ஒரு பக்கம் ஃப்ளாஸ்க், ஒரு பக்கம் குடுக்கை, எடுத்துக்க கையே இல்ல. அது அவளைத் தாண்டிப் போயிடுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. திரும்பி வர்றப்ப கேட்டேன். ஏழு வாரமா தண்ணி ஊத்தற வேலையை வேற யாருக்கும் விடலையாம். ஊத்தறவளை எவனும் வற்புறுத்த மாட்டான், ஊத்தறது நின்னுடும்ல. ஆனா போன வாரம் எமிலியானோ, ஃப்ளாஸ்க்கை நான் பிடிச்சுக்கறேன் நீ இழுன்னு ஆரம்பிச்சிருக்கான். இன்னிக்கு என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் போனாளாம்.

“வாயால சொன்னாலே போதும்னு தெரிஞ்சிருந்தா, ஏழு வாரம் கை கடுக்க தண்ணி ஊத்தியிருப்பேனா?”ன்னா.

அடுத்த சனிக்கிழமை வாயாலயே சொல்லிட்டா. எனக்கு முடிஞ்ச மாதிரி அவளுக்கு அது சுலபமா முடியல. கன்னியாஸ்திரின்னு பேர் வச்சாங்க, நாலு நாள் எவளும் மெசேஜ் அனுப்பல, ரெண்டு ராத்திரி அழுதா. பூனையை மடியில வச்சுக்கிட்டு அழுதா, அந்த வகையில அந்த ஒரு சரி வீண் போகல. அஞ்சாவது நாள் திரும்பக் கூப்பிட்டாங்க, வேற யார் ஊத்தினாலும் சூட்டுல வாய் வேகுதாம். எமிலியானோ விஷயத்தை நான் மிர்த்தா டீச்சர்கிட்ட சொன்னேன், அவங்க வாரத்துக்கு ஒருநாள் அவனை உக்காரவச்சுப் பேசறாங்க. சொன்னதுக்காக லுஹான் என்கிட்ட ரெண்டு நாள் பேசல. சொல்லாதேன்னு கெஞ்சினா, அவகிட்டயும் முடியாதுன்னேன். ஒரே மாசத்துல ரெண்டு.

மூணாவது இது. மச்சான், நான் போன்ல சொன்ன சரி செல்லாது. ஜூலைல நீங்க வர வேண்டாம். லுஹானை அனுப்ப மாட்டேன். அவ இங்கதான் இருப்பா, என்கூட. பதிவேட்டுல நான் அவளுக்கு யாருன்னு எழுதியிருந்தாலும் எழுதாட்டியும். கோபம் வந்தா வாங்க, திட்டுங்க, ஆனா பெட்டி கொண்டு வராதீங்க. எழுதிட்டேன்.

ஓல்கா அக்காவுக்கு என் வணக்கம். மழை நல்லாப் பெய்யட்டும், மாடுகளுக்கு ஒரு நோயும் வராம இருக்கட்டும், உங்க முழங்கால் வலி ஒலிவேராவுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்க தங்கச்சி புருஷன்,
வில்மார்

பி.கு.: இதை ஒட்டறதுக்கு முன்னாடி லுஹான்கிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டா. அப்புறம், ஜூலைல மாமா வீட்டுக்குப் போகணும்னா. ஏன்னு கேட்டேன். அம்மா சின்ன வயசுல படுத்துத் தூங்கின ரூமைப் பாக்கணுமாம், இதுவரைக்கும் பாத்ததே இல்லையாம். நானும் பாத்ததில்ல மச்சான். ரெண்டு நாள்னேன், அவ பத்து நாள்னா. சரின்னுட்டேன். பஸ் ஆறாம் தேதி காலைல பதினோரு மணிக்கு வருது, ரெண்டு பேருக்கும் படுக்கை போட்டு வைங்க.