சிட்டுக்கு ஸ்கூட்டர் கொடுத்த வள்ளல்

ஈரோட்டுக்குச் சரக்கு எடுக்கப் போன நூருல் அமீன் ஒரு வாரம் கழித்துப் பழங்காநத்தம் திரும்பினார். குளித்தார். அத்தர் தடவினார். ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே ஒரு குருவி அவரைத் தடுத்து நிறுத்தியது. குருவிகூட இல்லை, குருவிக்கூடு.

வண்டியின் வலப்பக்கக் கண்ணாடிக் கம்பியில் பஞ்சும் சருகுமாக ஒரு சுருக்குப்பை தொங்கியது. பக்கவாட்டில் சின்னதாக ஓர் ஓட்டை. அவர் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!”

குரல் முதலில் வந்தது. பின்னாலேயே அவர் மனைவி அமீருன்னிசா வந்தாள். அந்த வீட்டில் எப்போதும் அதுதான் வரிசை.

“என்னா புள்ள இது?”

“தேன்சிட்டுக் கூடு. நீங்க ஊருல இல்லாத நேரத்துல கட்டிருச்சு.”

“அதுக்கு வேற எடமே கெடைக்கலயாக்கும்? என் வண்டிதான் கெடச்சுச்சா?”

“தெருவுல ஒரு மரத்த விட்டு வச்சீங்களா? வண்டி நிப்பாட்ட எடம் வேணும்னு எல்லாத்தையும் வெட்டுனீங்க. இப்ப அது வண்டியத்தான் மரம்னு நெனைக்குது.”

“நான் தெப்பக்குளம் போகணுமே!”

“நடந்து போங்க. யாரு வேணாம்னா?”

பழங்காநத்தத்திலிருந்து வண்டியூர் தெப்பக்குளத்துக்கு நடந்து போனால் அதற்குப் பெயர் போக்குவரத்து இல்லை, நேர்த்திக்கடன். அவருடைய கைலிக் கடை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் பகலெல்லாம் ஸ்கூட்டருக்கு ஓய்வுதான். சாயங்காலம் மஃரிபு தொழுகை முடிந்ததும் தெப்பக்குளத்துக் கரையில் காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதில் கிளம்புவார். வாங்கியது காற்று மட்டுமல்ல. பரோட்டா, சுக்கா, மேலே ஒரு பெரிய கிளாஸ் ஜிகர்தண்டா. அவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. “இனிப்பை விடுங்க, தினமும் நடங்க” என்றார் டாக்டர். நூருல் அமீன் யோசித்துப் பார்த்து டாக்டரை விட்டுவிட்டார்.

பெண்டாட்டியோடு மோதி ஜெயித்த ஆண்பிள்ளை தெற்கு மாசி வீதியிலிருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் தேடினாலும் கிடைக்கமாட்டான். இது அவருக்குத் தெரியும். ஆகவே தந்திரத்தில் இறங்கினார். காதும் காதும் வைத்தாற்போல ஒரு போன் போட்டார். சங்கம் வளர்த்த மதுரையில் சங்கத்துக்கா பஞ்சம்? கல்லூரி மாணவர்கள் ‘வைகைச் சிறகுகள்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். கண்மாயில் பிளாஸ்டிக் பொறுக்குவார்கள், மரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்குவார்கள், பறவைகளை எண்ணுவார்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள், கூட்டைப் பதமாகக் கழற்றி எங்காவது ஒரு மரத்தில் மாட்டிவிடுவார்கள், அமீருன்னிசாவும் வாயைத் திறக்க முடியாது என்பது கணக்கு.

மறுநாள் காலையில் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. தலைவி இந்துப்ரியா வண்டியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“அங்கிள்! சன்பேர்ட் நெஸ்ட்! நீங்க எவ்வளவு லக்கி!”

“ஆமாம்மா. அந்த லக்க அப்படியே கழட்டி எடுத்துட்டுப் போயிரும்மா.”

“அய்யய்யோ! எடத்த மாத்தவே கூடாது அங்கிள். யாரும் கிட்டப் போகக்கூடாது, எட்டிப் பாக்கக்கூடாது. தாய்ப்பறவை பயந்து ஓடிரும்.”

“இந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க,” என்றாள் அமீருன்னிசா, பிள்ளைகளுக்கு டீ கொடுத்துக்கொண்டே.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. ‘அமைதி! இங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது’ என்று பலகையும் தொங்கியது. வீட்டுக்குள்ளும் ஒரு குடும்பம் வாழ்கிறதே என்று நூருல் அமீன் கேட்க நினைத்தார். ஆனால் அமைதி என்று எழுதியிருந்தது.

சுற்றுச்சூழல் தினத்தன்று தெரு முனையில் பந்தல் போட்டுவிட்டார்கள். தெரு நலச் சங்கமும் மாணவர்களும் சேர்ந்து நடத்திய விழா. நூருல் அமீனை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்த இந்துப்ரியா, “முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் வாழ்ந்த தமிழ்நாட்டில், இதோ, சிட்டுக்கு ஸ்கூட்டர் கொடுத்த வள்ளல்!” என்றாள். தெருவே கைதட்டியது. பக்கத்து வீட்டு சிவனாண்டி மட்டும் தட்டாமல் அந்தச் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரை நூருல் அமீனை யாரும் வள்ளல் என்று சொன்னதில்லை. கைலியில் நாலு ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடியவர்கள் வேறு வார்த்தைகள் சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்குப் புகழ் தலைக்கேறிவிட்டது.

“குஞ்சு பொரிச்சுப் பறக்குற வரைக்கும் அந்த வண்டிய நான் தொடமாட்டேன்! இது சத்தியம்!” என்று முழங்கினார்.

கைதட்டல் அடங்க நேரமானது. அந்த உற்சாகத்தில் அவரைச் சங்கத்தின் கௌரவ ஆலோசகராகவும் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் எங்கே கூடு இருந்தாலும் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் மாணவர்கள் வந்து கயிறு கட்டுவார்கள்.

மேடையைவிட்டு இறங்கிய பிறகுதான் பரோட்டா ஞாபகம் வந்தது. நேரே சிவனாண்டியிடம் போனார்.

“மாப்ள, சிட்டு வந்து என் சீட்டக் கிழிச்சிருச்சு. ஒன் பைக்குல என்னையும் ஏத்திக்க.”

“அதுக்கென்ன மாப்ள, வா. ஆனா சுக்கா ஒன் செலவு.”

வள்ளல் ஒப்புக்கொண்டார். அன்றுமுதல் தெருக்கோடி வரை நடப்பார். அங்கே சிவனாண்டி பைக்கோடு நிற்பார். திரும்பி வரும்போதும் தெருக்கோடியில் இறங்கி, சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்க நடந்து வருவார்.

“நல்லா நடந்தீங்களா?” என்பாள் அமீருன்னிசா.

“அம்புட்டுத் தூரம்!” என்பார்.

அவள் ஒருமுறை அவர் சட்டையை மோந்து பார்த்தாள். பேசாமல் துவைக்கப் போட்டாள். பேசாமல் இருக்கிற அமீருன்னிசா ஆபத்தானவள் என்பது நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவர் கண்ட உண்மை. சுக்கா மயக்கத்தில் அதை மறந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது வீட்டில் அவள் இல்லை. நூருல் அமீனுக்குச் சின்னதாக ஓர் ஆசை. இத்தனை நாள் காவல் காத்தோமே, குஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் என்ன? உண்மையைச் சொன்னால் அவருக்கு அந்தக் குருவிமேல் பாசமே வந்திருந்தது. கயிற்றுக்குக் கீழே குனிந்து போனார். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

பஞ்சு. சருகு. குஞ்சும் இல்லை, முட்டையும் இல்லை.

கூட்டின் தலைப்பக்கம் பார்த்தார். கண்ணாடிக் கம்பியில் நீல நூல் சுற்றியிருந்தது. அவர் கடையில் கைலிப் பொட்டலம் கட்டுகிற அதே நூல். அதில் இரட்டை முடிச்சு. உலகத்தில் எந்தக் குருவியும் இரட்டை முடிச்சுப் போடுவதில்லை.

“அமீரு!”

அவள் அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையோடு அவர் நூலைக் காட்டினார். அவள் பதறவில்லை.

“ஆமா. பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி மதினி கொடிக்கயித்துல தொங்குச்சு. சிட்டு குஞ்சு பொரிச்சுப் பறந்து போன பழைய கூடு. எடுத்துட்டு வந்து நாந்தான் கட்டுனேன்.”

“என்னைய ஊருக்கு முன்னாடி மடையனாக்கிட்டியே!”

“ஊருக்கு எங்க தெரியும்? நமக்கு மட்டுந்தான் தெரியும்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “ஒங்க கால் விரல்ல புண்ணு வந்து ரெண்டு மாசமா ஆறல. எனக்குப் பயமா இருக்குங்க. ஹயாத்தோட, உசுரோட இருந்தாத்தான பரோட்டா? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுச்சு. அதான்.”

நூருல் அமீனுக்கு ஒரு கணம் மனசு இளகியது. ஆனால் வீறாப்பு இளகவில்லை.

“இப்பவே அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு உண்மையச் சொல்றேன்!”

“தாராளமாச் சொல்லுங்க. அந்தச் சால்வைய மடிச்சு வைக்கிறேன், வந்து வாங்கிக்கிறட்டும். வெறுங்கூட்டுக்குக் காவல் இருந்த வள்ளல்னு பேப்பர்ல போடுவாங்க.”

எடுத்த போனைச் சட்டைப் பையில் போட்டார். நின்று நிதானமாக யோசித்தார். வண்டி போனால் என்ன? சிவனாண்டியின் பைக் இருக்கிறது. சால்வையும் வீட்டில், சுக்காவும் வயிற்றில். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். இரண்டும் கிடைக்கும்போது எதற்கு விட வேண்டும்?

“சரி, ஒனக்காகப் பொறுத்துக்கிறேன்,” என்றார் பெருந்தன்மையாக.

அப்போது மதில்சுவருக்கு மேல் சிவனாண்டியின் தலை தெரிந்தது. முகமெல்லாம் பல்.

“மாப்ள! ஓடியா! எங்க வீட்டுக்கும் குருவி வந்துருச்சு!”

அமீருன்னிசாதான் நூருல் அமீனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சிவனாண்டியின் பைக் கண்ணாடிக் கம்பியில் ஒரு சுருக்குப்பை தொங்கியது. இதில் கறுப்பு நூல். முடிச்சு மட்டும் அதே இரட்டை முடிச்சு. பக்கத்தில் பாண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“உள்ள முட்டை இருக்கான்னு பாருங்கண்ணே,” என்றாள். “எனக்கு ஒண்ணும் தெரியல.”

“நல்லாப் பாரு மாப்ள,” என்று பறந்தார் சிவனாண்டி. “நீதான் ஆலோசகரு. நீ சொன்னாத்தான் அந்தப் புள்ளைக கயிறு கட்டுவாங்க, எனக்கும் ஒரு சால்வ வரும். வண்டியென்ன வண்டி, சாவிய இப்பவே இவ கையில குடுத்துர்றேன்!”

நூருல் அமீன் குனிந்தார். பஞ்சு. சருகு. இல்லை என்று சொன்னால் தெப்பக்குளம் பிழைக்கும். ஆனால் இது பொய்க்கூடு என்றால், அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்புறம் எல்லாரும் கூட்டமாக அடுத்த வாசலுக்குப் போய் அந்தக் கூட்டையும் எட்டிப் பார்ப்பார்கள். பின்னால் அமீருன்னிசா லேசாகச் செருமினாள்.

அவர் நிமிர்ந்தார்.

“இருக்கு மாப்ள. மூணு முட்டை.”

“தேன்சிட்டு ரெண்டுதாங்க போடும்,” என்று திருத்தினாள் அமீருன்னிசா.