ஏழு கடற்கரையும் ஒரு நாற்காலியும்

நாலு நாளில் ஏழு கடற்கரை. பார்த்தே தீருவது, மனைவிக்கும் காட்டியே தீருவது என்று டைம்கீப்பர் முடிவு கட்டிவிட்டார். பஸ் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக எந்த வண்டியையும் சும்மா நிற்க விட்டதில்லை மனிதர். கட்டிய பெண்டாட்டியை மட்டும் நாலு நாள் ஒரே இடத்தில் விட்டுவைப்பாரா?

அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வார்டில் நின்று நின்றே கால் வீங்கிப் போயிருந்தது. மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த லீவு இது. அவளுடைய திட்டம் ரொம்பச் சின்னது: விடுதி வாசலில் ஒரு நாற்காலி, எதிரே கடல். அவ்வளவுதான்.

வந்து இறங்கிய ஊரோ அலைச்சறுக்கு ஊர். தெருவில் போகிறவர்களெல்லாம் ஆளுயரப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்கள். டீக்கடைச் சுவரில் பலகை, பஞ்சர் கடைச் சுவரில் பலகை. கடலில் இறங்கியவர்களோ பலகைமேல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அலை போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஒருத்தரும் ஏறவில்லை. டைம்கீப்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரையில் நின்ற பயிற்சியாளரைப் பிடித்தார்.

“அடுத்த அலை எத்தனை மணிக்குங்க?”

“அது வரும்போது வரும் சார்.”

“வரும்போது வருமா! இப்படிப் பதில் சொன்னா பப்ளிக் சும்மா விடுமா?”

பயிற்சியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இந்த ஊரில் நாலு நாள் உட்கார்ந்தால் பைத்தியமே பிடித்துவிடும் என்று டைம்கீப்பருக்குத் தோன்றியது. ஒரே ஓட்டமாக அறைக்கு வந்தார். வரும் வழியிலேயே ஒரு பொய்யும் தயார்.

“விஷயம் தெரியுமா? ரூம் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானாம். நாளைக்குக் காலி பண்ணணுமாம். பேசாம ஒவ்வொரு பீச்சா போய்க்கிட்டே இருப்போம். வேற வழியில்ல.”

“அப்படியா?” என்றாள் அவள். “விடுதிக்காரம்மா இப்பதான் நாலு நாளைக்கும் சேர்த்துத் துண்டு குடுத்துட்டுப் போறாங்க. உங்களுக்கு நீலத் துண்டு. நீங்களே மடிச்சு வச்சுக்குங்க.”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. சண்டைக்குத் தயாரானார். சண்டை வரவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

“ஏங்க, ஏழு பீச்சுக்கும் வரேன். ஆனா போய் இறங்கி, நிழல் இல்ல, பாத்ரூம் இல்லன்னு இந்தக் காலோட திண்டாட முடியாது. நீங்க முதல்ல போய்ப் பாத்து எழுதிட்டு வாங்க. உங்க அளவுக்குத் துல்லியமா யாரு பாக்கப் போறாங்க?”

கடைசி வாக்கியத்தில் மனிதர் குளிர்ந்து போனார். நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டார்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் இரண்டு கடற்கரை முடிந்தது. திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் இருந்தாள். கால் முக்காலிமேல் இருந்தது.

“நிழல் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?”

அதை எழுதவில்லை! டைம்கீப்பருக்கு வெட்கமாகப் போயிற்று. அரைகுறையாக டிரிப் ஷீட் எழுதி வந்த கண்டக்டர்கள் எத்தனை பேரை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார்! சாப்பிட்ட கை காய்வதற்குள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

இரண்டாம் நாள், “பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?” என்றாள். மூன்றாம் நாள், “படி எத்தனைங்க? கைப்பிடி எந்தப் பக்கம்?” என்றாள். அவள் கேட்காததையும் இவராகவே சேர்த்துக்கொண்டார். ஐந்தாவது கடற்கரையில் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி அலைக்கும் அலைக்கும் எத்தனை விநாடி என்று எண்ணிக்கொண்டிருந்தவரை, கணக்குக்கு வராத அலை ஒன்று வந்து புரட்டிப் போட்டது. மூக்கில் தோல் உரிந்தது. ஒரு செருப்பு போனது. நோட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றிவிட்டார்.

அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு வந்தவர் வாசலிலேயே நின்றார். விடுதிக்காரம்மாவோடு ஏதோ பேசிக் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள் மனைவி. தான் இல்லாமல் இவ்வளவு சந்தோஷமா என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு என்று மனசுக்கு இதமாகவும் இருந்தது.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு நோட்டு பூர்த்தியானது. ஊர் திரும்பும் பஸ் நாலு மணிக்கு.

“கிளம்பு, கிளம்பு! மூணாவது பீச்தான் நம்பர் ஒண்ணு. ஒரு குறை சொல்ல முடியாது!”

“அப்படி என்னங்க இருக்கு அங்க?”

“சாயங்காலம் வரைக்கும் நிழல். படியே கிடையாது. பாத்ரூம் பக்கத்துலயே. உள்தாழ்ப்பாள் புதுசு. சாய்ஞ்சு உட்கார நாற்காலி. எதிர்ல கடல்...”

குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அத்தனையும் அங்கேயே இருந்தது. முக்காலி வேறு இருந்தது.

“உனக்கு வர்ற உத்தேசமே இல்ல. அப்படித்தானே?”

“வீக்கம் சுத்தமா வடிஞ்சிடுச்சு, பாருங்க. நீங்களும் கொஞ்சம் உட்காருங்களேன்.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கால் ஆடியது. அதை நிறுத்தினார். இடது கால் ஆடியது. நாலு நாளாகத் தன்னை ஊர் ஊராக விரட்டிவிட்டு இவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் முழுசாக உறைத்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். “அடுத்த லீவுக்கும் இங்கேயே வந்துடலாம்ங்க. தெற்கே இன்னும் பதினோரு பீச் இருக்காம். விடுதிக்காரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க.”

திட்டுவதற்கென்று வாயைத் திறந்த டைம்கீப்பர், “அந்தப் பக்கம் முதல் பஸ் எத்தனை மணிக்காம்?” என்று கேட்டுத் தொலைத்தார்.