நாய்க்கு ஆஜராகும் வக்கீல்

நாய்க்குப் பல் உண்டு என்பதை நீங்களும் நானும் அறிவோம். அதை ஒப்புக்கொள்ளாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. எந்தத் தெருவில் எந்த நாய் எவரைக் கடித்தாலும், காயத்தைப் பார்க்கும் முன்பே நாயின் நற்குணங்களை எடுத்துச் சொல்ல ஓடிவரும் இனம். நாய் வக்கீல்கள் என்று நான் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். கட்டணம் கிடையாது. கூப்பிடவும் வேண்டாம்.

சோம்பா நகரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மக்வின்ஜா. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வீட்டுத் தகரக் கூரை ஒழுகினாலும், யார் மகள் யாருடைய சைக்கிளில் ஏறிப் போனாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு சுடச்சுடத் தயாராக இருக்கும். அவருடைய நாயின் பெயர் டிஸாவோனா. எங்கள் ஊர்ப் பேச்சில் 'பார்த்துக்கலாம்' என்று பொருள். தடுப்பூசி முகாமுக்கு ஊரே நாய்களைக் கயிறு கட்டி இழுத்துப் போன சனிக்கிழமை, அவர் மட்டும் போகவில்லை. "ஊசி போட்டா நாய் சோம்பேறியாயிடும். திருடனைப் பார்த்தா வாலாட்டும்" என்றார்.

அந்த டிஸாவோனா ஒரு நாள் எலுபேயின் கன்னத்தில் பல் பதித்தது. எலுபே எதிர்வீட்டு ஃபலேசியின் மகள், ஆறு வயது. பெரியவர்களைக் கடிக்கிற நாய்க்குக் கால் எட்டும். பிள்ளைகளைக் கடிக்கிற நாய்க்கு முகமே எட்டுகிறது. ஒரே ஒரு பல் தடம், அதில் கொஞ்சம் ரத்தக் கசிவு. சந்தையில் மண்டாசி என்னும் மாவுப் பணியாரம் சுட்டு விற்கும் ஃபலேசி, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, குழாயடியில் மகளை உட்கார வைத்து சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

வக்கீல் ஆஜரானார்.

"என்னம்மா, புள்ள கன்னமா அது, இல்ல அடிப்பிடிச்ச பானையா?"

"உங்க நாய் கடிச்சிருக்குண்ணே."

"கடிக்கலம்மா. கொஞ்சியிருக்கு. கொஞ்சறப்போ பல்லு பட்டுடுச்சு."

"ரத்தம் வருதே."

"கொசு கடிச்சாலும்தான் ரத்தம் வருது. அதுக்காக ஆஸ்பத்திரிக்கா ஓடறோம்?"

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மிளகாய்ப் பொடி தூவச் சொன்னார், ஒருவர் சாம்பல் என்றார், இன்னொருவர் தன் மாமன் வீட்டில் விஷத்தை உறிஞ்சும் கறுப்புக் கல் இருப்பதாகவும், அது இருக்கும் ஊர் பஸ்ஸில் அரை நாள் தூரம்தான் என்றும் ஆறுதல் சொன்னார். மக்வின்ஜா எல்லாரையும் கையமர்த்தினார்.

"தொப்புளைச் சுத்தி ஊசி குத்துவாங்க. சின்னப் புள்ள தாங்குமா? நாயைக் கட்டிப்போட்டுப் பார்ப்போம். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் போய்க்கலாம்."

ஃபலேசி தலையை நிமிர்த்தினாள்.

"இந்த நோவுக்கு அப்புறம்னு ஒண்ணு கிடையாதுண்ணே. எங்க அக்கா பையன் ஒரு குவளைத் தண்ணியப் பார்த்து அலறுனதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். அவனுக்கும் இப்படித்தான், சின்னக் கீறல்."

சைக்கிள் டாக்ஸி ஒன்றை நிறுத்தி, மகளை மடியில் இருத்திக்கொண்டு அவள் ஏறிப் போனாள்.

"பொம்பளைங்க எதுக்கெடுத்தாலும் பதறுவாங்க" என்று வக்கீல் வழக்கைத் தெருவிலேயே முடித்து வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கன்னத்துக் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். பிறகு கையில் தடுப்பூசி. மிச்ச ஊசிகளுக்குத் தவறாமல் வரச் சொன்னார்கள். எலுபே அழுத அழுகை சாலை வரைக்கும் கேட்டதாம்.

அந்த வாரம் முடிவதற்குள் டிஸாவோனாவின் தாடை தொங்கியது. எச்சில் ஒழுகியது. கல்லைக் கடித்தது, நாற்காலிக் காலைக் கடித்தது, கடைசியில் கழிவறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. "யாரோ விஷம் வெச்சுட்டாங்க" என்றார் மக்வின்ஜா. கால்நடை ஆபீஸ்காரர்கள் தலையை எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு, வெறிநோய்தான் என்றார்கள்.

மறுநாள் காலை ஃபலேசி மகளை அடுத்த ஊசிக்கு அழைத்துப் போனாள். பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் யார் என்கிறீர்கள்? அவரேதான். டிஸாவோனாவுக்கு மீன் தலையைக் கையாலேயே ஊட்டி வளர்த்தவர். வெட்டுப்பட்ட விரலை அந்த நாய் எத்தனை முறை நக்கியதோ, அவருக்கே கணக்கில்லை.

"எலுபேயைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

"அப்ப எதுக்கு சட்டைக் கையைச் சுருட்டி வெச்சிருக்கீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"வெக்கையா இருக்கும்மா."

எலுபே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தொப்புள்ல இல்ல மாமா, கையிலதான். கண்ணை மூடிக்கோங்க."

மூடிக்கொண்டார். உதடு நடுங்கியதைப் பார்த்து ஃபலேசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவம், பயம் யாருக்குத்தான் இல்லை?

எலுபே இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மக்வின்ஜாவும் நலம். திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? புதுக் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். போன வாரம் அது தையற்காரர் மகனின் காலைப் பிராண்டியது. "எல்லா ஊசியும் போட்டுக்கிட்டவன் சொல்றேன். குட்டி நாய்க்கு ஏதுப்பா வெறி?" என்றார். ஃபலேசி வாதாடவில்லை. தையற்காரரிடம் சோப்பைக் கொடுத்துவிட்டு, சைக்கிள் டாக்ஸிக்குக் கை காட்டினாள்.

என்னிடம் நாயே இல்லை, நான் எப்படி வக்கீலாவேன் என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாம். சொந்த நாய் இந்தத் தொழிலுக்குத் தேவையே இல்லை. நாளை ஒரு குழந்தை உங்களிடம் ஓடிவந்து, நாய்ப் பல் பட்டுவிட்டது என்று சொல்லும். அப்போது உங்கள் கை சோப்பைத் தேடுகிறதா, அல்லது உங்கள் வாய், "யார் வீட்டு நாய்? அதுவா? அது நல்ல நாயாச்சே" என்று ஆரம்பிக்கிறதா என்று கவனியுங்கள். வாய் முந்திக்கொண்டால், தோளைத் தடவிப் பாருங்கள். கறுப்பு அங்கி எப்போது மாட்டிக்கொண்டது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.